வெந்நீரில் பத்து எண்ணும் நேரம்

மூடித் தொழிற்சாலையில் அவருக்கு முத்திரை சார் என்று பெயர். எதிரில் பேசும்போது மட்டும் 'சார்' இருக்கும். அவர் நகர்ந்ததும் அது உதிர்ந்துவிடும்.

ஷாம்பு, சாஸ், மருந்து பாட்டில்களின் மேல் கட்டைவிரலால் தட்டினால் மடங்கித் திறக்கும் மூடி இருக்குமே, அதுதான் அங்கே தயாராவது. அடிப்பாகத்தை பாட்டிலின் கழுத்தில் அழுத்திப் பொருத்திவிடுவார்கள். மேல்பாகம் ஒரு கீலில் தொங்கும். இரண்டையும் சேர்த்து நாக்கு போல ஒரு சின்னப் பட்டை. முதல் தடவை திறக்கும்போது அந்தப் பட்டை பிய்ந்தே தீர வேண்டும். பிய்ந்திருந்தால் யாரோ உங்களுக்கு முன்னால் கை வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

பட்டை ஒழுங்காகப் பிய்கிறதா என்று பார்ப்பது முத்திரை சாரின் வேலை. பெட்டிக்கு ஐந்து மூடி எடுப்பார், திறப்பார், பிய்ந்த பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், குப்பையில் போடுவார். அவர் நல்லது என்று கண்டறிந்த மூடி எதுவும் அதற்குப் பிறகு எதற்கும் உதவாது. இப்படியே பத்தொன்பது வருடம். நியாயமாகப் பார்த்தால் இந்த வேலை ஒருவரை அடக்கமானவராக ஆக்கியிருக்க வேண்டும். அவரைச் சந்தேகக்காரராக ஆக்கியது.

வீட்டிலும் மூடிகள்தான். தேன், நல்ல ஷாம்பு, இருமல் மருந்து, அவருடைய சத்து டானிக் எல்லாவற்றுக்கும் தொழிற்சாலையில் மிஞ்சிய சாம்பிள் மூடிகளைப் பொருத்தி வைத்திருந்தார். யாருக்கு எது வேண்டுமானாலும் அவரிடம் கேட்க வேண்டும். அவர் வந்து பட்டையைப் பிய்த்துத் திறப்பார். வேலை முடிந்ததும் பழைய மூடியை பிளேடால் அறுத்து எடுத்துவிட்டு, புதியதை வைத்து உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு. மகள் தலைக்குக் குளிக்க வேண்டுமென்றால் அப்பாவின் ஷிப்ட் முடிய வேண்டும்.

"சொந்த வீட்டுலயே இப்படியா?" என்று மனைவியின் தம்பி ஒருமுறை கேட்டார். "அக்கா வாய்க்கும் ஒண்ணு மாட்டிடுங்களேன் மச்சான், தொல்லை விட்டுச்சு."

"அதுக்கு சைஸ் வரலை" என்றார் முத்திரை சார். வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே நகைச்சுவை அது. அதையும் அவர் தகவலாகத்தான் சொன்னார்.

மனைவி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வழி கிடைத்தவர்களுக்கு வாதம் தேவைப்படுவதில்லை. அவருக்கு நான்கு வருடம் முன்பே வழி கிடைத்திருந்தது. ஒரு குளிர்கால முற்பகலில் தேன் கட்டிதட்டிப்போயிருந்தது. மகளுக்குத் தொண்டை வலி. கணவர் வருவதற்குள் தேனாவது இளகட்டும் என்று பாட்டிலை வெந்நீரில் கழுத்து வரை நிறுத்தினார். கொஞ்சம் பொறுத்து மூடியின் அடிவிளிம்பைப் பிடித்துத் தூக்கினார். பாட்டில் வெந்நீரிலேயே நின்றது. மூடி மட்டும் கையோடு வந்தது. திறக்காமல், பிய்யாமல், பட்டையும் கீலும் பத்திரமாக, முழுசாக.

மகளுக்கு இரண்டு கரண்டி கொடுத்தார். தேனெடுத்தவர் புறங்கையை நக்காமல் இருப்பாரா, தானும் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டார். மூடியை வைத்து ஒரு தட்டு. அவ்வளவுதான், கதவைப் பூட்டியவர் பூட்டைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருக்க, வீட்டார் நிலையோடு கதவைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்வந்தார்கள்.

தேன் குறைவது அவர் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. கண்ணைவிட பட்டையை நம்பினார், அவ்வளவுதான்.

"குளிர்ல தேன் சுருங்கும்" என்று பாட்டிலைத் திருப்பிப் பார்த்துச் சொன்னார்.

"அப்படியாங்க?" என்றார் மனைவி.

"பின்ன? சீல் அப்படியே இருக்கே."

வெயில் காலத்திலும் குறைந்தது. அப்போது தேன் ஆவியானது. ஷாம்புவைப் பற்றி ஒருமுறை, பிளாஸ்டிக் உள்ளுக்குள் உறிஞ்சுகிறது என்று விளக்கினார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். அவள் கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள்.

இந்த நிலையில்தான் தொழிற்சாலைக்கு அந்தப் பெரிய ஆர்டர் வாசல் வரை வந்தது. ஒரு மருந்து நிறுவனம், குழந்தைகளின் காய்ச்சல் மருந்துக்கு மூடி கேட்டது. தரப் பிரிவின் தலைவர் அந்த மாதம் ஓய்வு பெறவிருந்தார். அந்த நாற்காலி இரண்டு முறை முத்திரை சாரின் தலைக்கு மேலாகத் தாண்டிப் போயிருந்தது. இந்த முறை மேனேஜர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: "வியாழக்கிழமை அந்த மருந்து கம்பெனி மேடம் வராங்க. உங்க கையெழுத்துல அவங்க திருப்தியாப் போகணும். போனா நாற்காலி உங்களுக்கு. இல்லன்னா பக்கத்து ரூம் ஆளுக்கு."

பக்கத்து ரூம் ஆள் என்றால் லீக் டெஸ்ட் பிரிவுக்காரர். மூடியின் அடிப்பாகம் பாட்டிலோடு ஒட்டி நிற்கிறதா, ஒழுகுகிறதா என்று பார்ப்பவர். மேல்பாகம் முத்திரை சாருடையது, அடிப்பாகம் அவருடையது. இருவரும் பேச்சை நிறுத்திப் பதினோரு வருடம் ஆகிறது. அவர் அடிப்பாகத்தை இழுத்துப் பார்ப்பார், ஆனால் குளிர்ந்த நிலையில். வெந்நீர் யார் பிரிவிலும் வரவில்லை.

ஞாயிறு மதியம் முத்திரை சார் புது மூடி பொருத்திய பாட்டில்களில் ஒரு டஜன் வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வரிசையாக நிறுத்தினார்.

"பாரு. பட்டை இப்ப ரெண்டு மடங்கு கனம். கத்தி வெச்சுப் பார்த்தாச்சு, ஊசி வெச்சுப் பார்த்தாச்சு. பச்சைக் குழந்தைங்க குடிக்கிற மருந்து. ஒருத்தன் ஒரு சொட்டு கலக்க முடியாது."

மனைவி ஒன்றைக் கையில் எடுத்தார். பட்டையை அவர் பார்க்கவில்லை. கவிழ்த்து, அடிப்பாகம் கழுத்தைக் கவ்வியிருக்கும் இடத்தை விரலால் தடவினார். தேன் பாட்டிலில் இருக்கும் அதே கவ்வல்.

"வியாழக்கிழமையா வராங்க?"

"ஆமா. வெள்ளிக்கிழமை நான் தலைவர்."

அவர் குட்டித்தூக்கம் போடப் போனார். மனைவி சமையலறையில் வெந்நீர் வைத்தார். பத்து வரை எண்ணினார். மூடி முழுசாகக் கையில் வந்தது. இன்னொன்று. அதுவும் வந்தது. மூன்றாவதோடு நிறுத்திக்கொண்டார். தேன் என்றால் தேன். இது வேறு. சொன்னால் நான்கு வருடத்துச் சுதந்திரம் போகும், அவர் நாற்காலியும் போகலாம். வேண்டாதவன் எவனோ எந்தக் குழந்தையின் மருந்திலோ கை வைப்பதை நினைத்தபோது தேனின் இனிப்பு கொஞ்சம் குறைந்தது.

"என்னங்க, எழுந்து வாங்க. ஒண்ணு காட்டணும்."

காட்டினார். பாட்டில் தனியாக, மூடி தனியாக, பட்டை சிரித்த முகத்தோடு. முத்திரை சார் மூடியை வாங்கிப் பார்த்தார். பட்டையைப் பார்த்தார். மறுபடி பட்டையைத்தான் பார்த்தார். குழந்தைகளைப் பற்றியோ ஆர்டரைப் பற்றியோ அவர் முதலில் கேட்கவில்லை.

"எத்தனை வருஷமா?"

"நாலு."

"தேனா?"

"தேனும்."

கதவோரம் நின்ற மகள், "அப்ப தேன் சுருங்கலையாப்பா?" என்றாள்.

"நீ உள்ள போ!"

அவள் போகவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல இருந்தது, திருடு போனது அவருடைய பொருள்தான் என்றாலும். பிறகு மெல்லத் தெளிந்தார். தெளிந்தவிதம் பெருமைப்படும்படி இல்லை.

"மருந்து பாட்டிலை யாரு வெந்நீர்ல வைப்பா?"

"நல்லவன் வைக்க மாட்டான்" என்றார் மனைவி. "நல்லவனுக்கா நீங்க மூடி பண்றீங்க?"

"இதை வெளியில சொல்லாத."

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன்? கையெழுத்துப் போடறது நீங்க."

வியாழக்கிழமை மருந்து நிறுவனத்து மேடம் வந்தார். ஐம்பது வயது இருக்கும். சொந்தமாக ஒரு கருவிப் பை வைத்திருந்தார். கூட்ட அறை மேசையில் கத்தி, ஊசி, மெல்லிய தகடு என்று ஒவ்வொன்றாக எடுத்து அரைமணி நேரம் முயன்றார். தொட்ட பட்டையெல்லாம் பிய்ந்தது. பிய்வதுதான் வெற்றி. ஒவ்வொன்று பிய்யும்போதும் மேனேஜர் கைதட்டாத குறையாகத் தலையாட்டினார். லீக் டெஸ்ட்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

சான்றிதழ் முத்திரை சார் முன்னால் வந்தது. பேனாவும் வந்தது.

"ஒரு சின்னக் கேள்வி" என்றார் மேடம். "இந்த மாதிரி மூடிய உங்க வீட்டுல நீங்க பயன்படுத்துவீங்களா?"

மேனேஜர் முந்திக்கொண்டார். "நல்லாக் கேட்டீங்க! சார் வீட்டுல எல்லா பாட்டிலுக்கும் இதுதான். வருஷக்கணக்கா. ஒரு ஈ உள்ள போகாது."

"ஒரு தடவைகூட ஏமாறலையா?"

பேனா காகிதத்துக்கு மேல் நின்றது. இல்லை என்று ஒரு சொல் போதும். மறுநாள் தலைவர். ஆனால் பத்தொன்பது வருடத்தில் பிய்ந்த பட்டையைப் பிய்யாதது என்று ஒருமுறைகூட அவர் எழுதியதில்லை. அதை நேர்மை என்பதா, வேறு எதையும் எழுதும் கற்பனை இல்லாமை என்பதா, தெரியவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"கொஞ்சம் வெந்நீர் கொண்டுவரச் சொல்லுங்க."

கெட்டிலும் கண்ணாடிப் பாத்திரமும் வந்தன. பாட்டிலை நிறுத்தினார், பத்து எண்ணினார், மூடியைப் பிடித்து இழுத்தார். பட்டை பிய்ந்தது. இன்னொன்று. பிய்ந்தது. மூன்றாவதில் விரல் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

"அருமை!" என்றார் மேடம். "வெந்நீருக்கும் தாங்குது. நாங்க இதைக் கேட்கக்கூட இல்ல."

மேனேஜர் கண்ணடித்தார். இப்படி ஒரு விளம்பர மூளை இந்த மனிதருக்குள் இருந்ததா என்று வியப்பது முகத்தில் தெரிந்தது. முத்திரை சாருக்கு வியர்த்தது. உண்மையைச் சொல்ல வந்தவரின் கை, அவர் சார்பில் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டுவிட்டால் போதும், பாவமும் தன் கணக்கில் வராது.

"எனக்கு வரலை மேடம்" என்றார். சுட்ட விரலை ஊதிக்கொண்டார். "என் பொண்டாட்டிக்கு வரும்."

அவரே போன் போட்டார். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் வைத்தார்.

"இங்க பாரு, அந்த மூடி... எப்படி எடுக்கறதுன்னு சொல்லு."

"எங்க இருக்கீங்க?"

"ஆபீஸ்ல. எல்லாரும் இருக்காங்க."

மறுமுனையில் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு குரல் நிதானமாக வந்தது. "பாட்டிலை நிறுத்துங்க. தண்ணி மூடியோட அடிவிளிம்பு வரைக்கும் இருக்கணும். பத்து எண்ணுங்க. மெதுவா. நீங்க எண்ணுற மாதிரி இல்ல."

எண்ணினார். மேடமும் உதட்டுக்குள் எண்ணினார்.

"இப்ப மேல்பாகத்தைத் தொடாதீங்க. ரெண்டு கட்டைவிரலையும் அடிவிளிம்புல குடுங்க. திருகாதீங்க, இழுக்காதீங்க. தூக்கி விடுங்க. ஒரு பக்கம் முதல்ல, அப்புறம் மறுபக்கம். அவசரப்படாதீங்க, எதுலதான் நீங்க பொறுமையா இருந்திருக்கீங்க?"

யாரோ இருமினார்கள். லீக் டெஸ்ட்காரர்தான். மூடி 'பொக்' என்று கழன்று முத்திரை சாரின் கையில் உட்கார்ந்தது. பட்டை அப்படியே இருந்தது.

"வந்துதா?" என்றது போன்.

"வந்துது."

"சரி. சாப்பிட நேரத்துக்கு வாங்க."

மேடம் மூடியை வாங்கி நெடுநேரம் திருப்பிப் பார்த்தார். தன் கருவிப் பையை மூடினார். கழுத்தின் கவ்வலை மாற்றி அனுப்புங்கள், பிறகு பேசலாம் என்றார். போகும்போது முத்திரை சாரிடம் மட்டும் நின்று, "உங்க வீட்டம்மா எங்கயாவது வேலைக்குப் போறாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றார். "அநியாயம்" என்றுவிட்டுப் போனார்.

ஆர்டர் பிறகு வந்தது. பாட்டிலின் கழுத்தில் பல் வைத்து, அடிப்பாகத்தில் அதைக் கவ்வும் பள்ளம் வைத்து, ஐந்து மாதம் கழித்து வந்தது. அடிப்பாகம் சம்பந்தப்பட்ட பிரச்சினையை அடிப்பாகக்காரர் தீர்த்தார் என்பதால் நாற்காலி அவருக்குப் போனது. அறிவிப்புப் பலகையில் அவருடைய தொலைநோக்கைப் பாராட்டி ஒரு தாள் ஒட்டினார்கள். அடிப்பாகத்தைப் பதினோரு வருடம் குளிரக் குளிர இழுத்தவரின் தொலைநோக்கு.

முத்திரை சாருக்கும் ஒன்று கொடுத்தார்கள்: வெந்நீர்ச் சோதனை. ஷிப்ட் முழுக்கக் கெட்டிலோடு உட்கார வேண்டும். மனைவியின் குரல் வழிகாட்டாமல் அவர் கைக்கு எந்த மூடியும் வராது என்பதால் எல்லா மூடியும் தேறியது. புதுத் தலைவருக்கு அது பிடித்திருந்தது. முத்திரை சாருக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தார். பிறகு சனிக்கிழமை தோறும் பெட்டிக்கு ஒரு மூடி வீதம் பாட்டிலோடு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கினார்.

சோதித்துப் பார்க்க மனைவி உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "முதல்ல இந்த வீட்டு பாட்டில்ல இருக்கறதெல்லாம் கழட்டுங்க" என்றார். கழற்ற உட்கார்ந்தார். பிளேடு தேவைப்படவில்லை. எப்படி என்று இப்போது தெரியுமே, ஆனாலும் மனைவிதான் எடுத்துக் கொடுத்தார்.

போன சனிக்கிழமை பதினான்கு மூடி. பதின்மூன்றை மனைவி முயன்று ஒதுக்கிவிட்டு, கடைசி ஒன்றோடு கால்மணி நேரம் மல்லுக்கட்டினார். வெந்நீரை இரண்டு முறை மாற்றினார். கட்டைவிரல் சிவந்தது. மூடி அசையவில்லை. மேசையில் வைத்தார்.

"சரியா இருக்கு. எதுவும் வரலை. கையெழுத்துப் போடுங்க."

முத்திரை சார் தாளை எடுத்தார். 'சோதித்தவர்' என்ற கட்டத்தில் சற்று யோசித்தார். பிறகு தன் பெயரை எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டார்.

மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்.

"கையெழுத்து அழகா இருக்கு" என்றார். "ஏங்க, கை சுடலையா?"