இரண்டாவது வளைவு

அந்த நாய் செத்தது என்னால். பழியைச் சுமந்தவன் வேறொருவன். அவன் அதைச் சுமந்துகொண்டு போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துத் தொடங்கினால் எனக்குச் சாதகமாக எதையாவது சேர்த்துவிடுவேன்... எனக்கு என்னைத் தெரியும்.

நீங்கள் என்னைக் கண்டிருக்கக்கூடும். டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் தமிழ்ப் பூசை நடக்கும் ஞாயிறுகளில் பின்வரிசையில் நின்று உரத்துப் பாடுகிறவன் நான். மன்னார் ஆள், மரியதாஸ். ஒழுங்கான மனிதன் என்று பெயர். தவக்காலம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். சின்னப் பொய்களை, கோபங்களை, சோம்பலை எல்லாம் குருவானவரிடம் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. ஏன் உங்களிடம் சொல்கிறேன்? நீங்கள் பாவமன்னிப்புத் தரமாட்டீர்கள் என்பதாலா?

எண்பதுகளின் நடுவில் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த இளைஞர்களில் நானும் ஒருவன். காலையில் மொழி வகுப்பு. பிறகு நாள் முழுவதும் ஒன்றுமில்லை. எங்களுக்கு டேனிஷ் படிப்பித்த கிர்ஸ்டன் என்ற பெண்மணி ஒருநாள் கேட்டாள்: "ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவருக்கு உதவி செய்ய முடியுமா?" அவளுடைய கணவன் ஹென்னிங், ஊருக்கு வெளியே இருந்த நாய்ப் பந்தயக் கழகத்தின் தலைவர்.

பெரிய இடம் என்று நினைக்காதீர்கள். பார்லி வயல்களுக்கு நடுவே முட்டை வடிவில் ஒரு மணல் ஓடுதடம். ஒரு முனையில் ஆறு கூண்டுகள். கம்பிவடத்தில் இழுபடும் துணி முயல். அதன் பின்னால் பாய்ந்து ஓடும் கிரேஹவுண்ட் நாய்கள். ஐந்து பேர் கொண்ட நிர்வாகக் குழு, எல்லாரும் தொண்டர்கள். ஆனால் விதிகள் கடுமையானவை. பந்தயம் தொடங்குமுன் தடப் பொறுப்பாளர் ஓடுதடம் முழுவதையும் தன் காலால் நடந்து பார்க்கவேண்டும். பழுதில்லை என்று தாளில் கையெழுத்திடவேண்டும். அந்தக் கையெழுத்து விழாமல் ஒரு நாயும் கூண்டுக்குள் போகக்கூடாது.

நான் ஒரு வருடம் அந்த மணலை வாரினேன். இரும்பு வாரியோடு வளைவுகளில் நடந்து கல் பொறுக்கினேன். நீர் தெளித்தேன். எந்த இடத்தில் மணல் இறுகும், எந்த இடத்தில் நீர் தேங்கும் என்று என் குதிகாலுக்குத் தெரியும். என் பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. மரியா என்று சுருக்கினார்கள். அது அவர்கள் ஊரில் பெண் பெயர். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்புக்குள்ளும் எனக்கு ஒரு இடம் இருந்தது. இங்கிரிட் என்ற முதிய விதவை தன் நாய் ஃப்ரேயாவோடு வருவாள். சாம்பல் நிறம், மெலிந்த பெண் நாய். எனக்கென்று இங்கிரிட் ஒரு துண்டு கேக்கைத் தாளில் சுற்றிக் கொண்டுவருவாள். ஒரு வாரமும் மறந்ததில்லை.

பிறகு சீலனை நானே கூட்டிக்கொண்டு போனேன்.

குணசீலன், யாழ்ப்பாணத்துப் பெடியன். என்னைவிட ஐந்து வயது இளையவன், என் அறைத்தோழன். அறைக்குள் கிடந்து யன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பார்க்கப் பாவமாக இருந்தது. "எழும்பு, நாய் பாக்கப் போவம்" என்றேன். வந்தான்.

மூன்று மாதத்தில் அவன் டேனிஷ் கதைத்தான். நான் இரண்டு வருடமாகத் தேடிய சொற்கள் அவன் நாவில் வந்து உட்கார்ந்தன. சீலன் என்ற பெயரை எல்லாரும் பிழையில்லாமல் சொன்னார்கள். நாய்கள் அவன் தொடையில் சாய்ந்து நின்றன. இங்கிரிட் இரண்டு துண்டு கேக் கொண்டுவரத் தொடங்கினாள். ஒருநாள் கவனித்தேன்: முதல் துண்டை அவனுக்குக் கொடுத்தாள்.

ஒரு துண்டு கேக்! முப்பது வயது மனிதன் இதற்காகவா மனம் எரிந்தான் என்று நீங்கள் நினைக்கலாம். எரிந்தேன். அகதியாக வந்தவனிடம் வேறு என்ன இருந்தது பறிகொடுக்க?

அந்த வசந்தகாலத்தில் பழைய தடப் பொறுப்பாளர் முதுகுவலி என்று விலகினார். புதியவரை அறிவிக்கக் குழு கூடியது. எங்களையும் வரச் சொன்னார்கள். எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கிர்ஸ்டனிடம் இஸ்திரிப்பெட்டி இரவல் வாங்கி என் ஒரே வெள்ளைச் சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டேன். சீலன் காற்சட்டையில் சேறோடு வந்தான்.

ஹென்னிங் எழுந்து சீலனின் பெயரைச் சொன்னார். விதிகளை வாசிக்கத் தெரிந்த, நாய்ச் சொந்தக்காரர்களோடு பேசத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். தடப் பொறுப்பாளரின் பச்சைக் கைப்பட்டியை அவன் கையில் கட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். நான்தான் அதிக நேரம் தட்டினேன்.

சீலன் என்ன செய்தான் தெரியுமா? எழுந்து நின்று டேனிஷில், "என்னைவிட மரியதாஸுக்குத்தான் இந்தத் தடம் தெரியும், அவரையே போடுங்கள்" என்றான். ஹென்னிங் அவன் தோளைத் தட்டி, "நல்ல பையன்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னைப் பார்க்காமலே சொன்னான்: "அண்ணை, நீங்கள் இருக்கேக்க எனக்கிது வடிவில்லை."

"அதுக்கென்ன, ஆர் செய்தாலும் ஒண்டுதானே" என்றேன்.

அவன் பதவியைப் பறித்திருந்தால் மன்னித்திருப்பேன். எனக்காகப் பரிந்து பேசினான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்தக் கோடை முழுவதும் அவன் பச்சைப் பட்டியோடு தடத்தைச் சுற்றி நடந்தான். நான் அவனுக்கு முன்னால் வாரிக்கொண்டு போனேன். அவன் வேலையை நன்றாகவே செய்தான். ஏதாவது ஒரு பிழை விடமாட்டானா என்று காத்திருந்தேன்... விடவில்லை.

இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிறு. அதற்கு முந்தைய இரண்டு நாளும் மழை. காலையில் நான் தனியே மணலை வாரிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வளைவில், உள்விளிம்போரமாக, என் கால் கணுக்கால் வரை புதைந்தது. மழைநீர் அடியில் இருந்த மண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தது. மேலே மணல் தோல்போல நின்றது, கீழே வெறுமை. பெரிய வேலை ஒன்றுமில்லை. ஒரு கூடை களிமண் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

களிமண் எடுக்கச் சாமான் கொட்டிலுக்குப் போகத் திரும்பினேன். அங்கே சீலன் நின்றான். இங்கிரிட் அவன் சட்டைக் கழுத்துப்பட்டியை மடித்துச் சரிசெய்துகொண்டிருந்தாள், ஒரு தாய் செய்வதைப்போல. ஃப்ரேயா அவன் காலில் தலையை வைத்திருந்தது.

நான் திரும்பி நடந்தேன். குழியின்மேல் மணலை இழுத்துவிட்டேன். வாரியின் பற்களால் ஒன்றுபோலக் கோடு போட்டேன். மிக அழகாக இருந்தது.

ஒரு நாய் தடுக்கும், கால் சுளுக்கும், ஹென்னிங் அவனை எல்லார் முன்னாலும் ஏசுவார். அவ்வளவுதான் நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான்... ஆனால் அந்த நாய்கள் எவ்வளவு வேகத்தில் வளைவில் திரும்பும் என்பதை அங்கே என்னைவிட அறிந்தவர் யார்?

சற்று நேரத்தில் சீலன் தாளும் பேனாவுமாக வந்தான். அவனுக்கு அவசரம். இரண்டு சொந்தக்காரர்கள் கூண்டு எண் தொடர்பாகச் சண்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணை, ரெண்டாவது வளைவு எப்பிடி இருக்கு?"

"நல்லாயிருக்கு."

"ஒருக்கா நடந்து பாத்திட்டு வாறன்."

அப்போது நான் சொன்னதைத்தான் இத்தனை வருடமாக என் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "ஏன், நான் செய்த வேலையில நம்பிக்கை இல்லையோ?"

அவன் முகம் சுருங்கியது. "சீச்சீ, அப்பிடி இல்லை அண்ணை" என்றான். நின்ற இடத்திலேயே தாளை முழங்காலில் வைத்துக் கையெழுத்திட்டான். என்னை நோகடிக்கக்கூடாது என்பதற்காக.

முதல் இரண்டு ஓட்டங்களில் எந்த நாயும் உள்விளிம்பைத் தொடவில்லை. இடைவேளையில் போய்ச் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் கண்டேன் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது ஓட்டத்தில் ஃப்ரேயாவுக்கு முதலாம் கூண்டு. உள்விளிம்போரமாக ஓடும் நாய் அது. வளைவில் முன்னங்கால் புதைந்தது. உடல் மட்டும் நிற்காமல் போனது. வேலிக்கு இப்பால் நின்ற எனக்கு எலும்பின் ஓசை கேட்டது.

இங்கிரிட் ஓடவில்லை. ரப்பர் சப்பாத்தோடு மணலின் குறுக்கே நடந்து வந்தாள். மிருக வைத்தியர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். அங்கேயே ஊசி போட்டார். ஃப்ரேயாவின் தலையைச் சீலன் தன் மடியில் வைத்திருந்தான். அவன் அழுதான். நான் பக்கத்தில் நின்று குழியைப் பார்த்தேன், முதன்முதலாகப் பார்ப்பவனைப்போல.

இரண்டு நாள் கழித்துப் பிற்பகலில் குழு விசாரித்தது.

"அந்த வளைவில் நீ நடந்து பார்த்தாயா?" என்று ஹென்னிங் சீலனைக் கேட்டார்.

"இல்லை."

"நடக்காமல் ஏன் கையெழுத்திட்டாய்?"

சீலன் என்னைப் பார்க்கவில்லை. "அவசரத்தில் விட்டுவிட்டேன். பிழை என்னுடையது" என்றான்.

பிறகு ஹென்னிங் என் பக்கம் திரும்பினார். "நீ காலையில் அங்கே மணல் வாரினாய். ஏதாவது கண்டாயா?"

என் டேனிஷ் எப்போதும் மோசம். ஒரு வசனத்தில் நாலு பிழை விடுவேன். அன்று ஒரே ஒரு சொல் சொன்னேன். "நை." இல்லை. அதை அந்த ஊர்க்காரன் மாதிரிச் சொன்னேன்.

சீலனின் கைப்பட்டியைக் கழற்றச் சொன்னார்கள். இனிமேல் தாளில் இரண்டு கையெழுத்து வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். ஒன்று தலைவருடையது. மற்றது என்னுடையது.

வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றோம். "அண்ணை, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்றான் சீலன். "மணல் அப்பிடித்தான், உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது. கையெழுத்து என்ரதானே."

நான், "ஓம்" என்றேன்.

அந்த மாதமே கிரின்ஸ்டெட்டில் தொழிற்சாலை வேலை கிடைத்து அவன் போய்விட்டான்.

நான் பல வருடம் தடப் பொறுப்பாளனாக இருந்தேன். நல்ல பொறுப்பாளன். ஒவ்வொரு அடியையும் நடந்து பார்த்தேன். ஒரு நாயும் விழவில்லை. இங்கிரிட் பிறகு நாய் வளர்க்கவில்லை. ஒருமுறை வேலியோரம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்றைக்கு நீ பொறுப்பில் இருந்திருந்தால் என் ஃப்ரேயா இருந்திருப்பாள்" என்றாள். இந்த வார்த்தைக்காகத்தானே ஏங்கினேன்? கிடைத்தது. அவள் கையை விலக்கவும் இல்லை, இறுகப் பிடிக்கவும் இல்லை.

பல காலத்துக்குப் பிறகு ரண்டர்ஸில் ஒரு கலியாண வீட்டில் சீலனைக் கண்டேன். தலை நரைத்திருந்தது. மனைவியையும் மகளையும் இழுத்துக்கொண்டு வந்தான். "இவர்தான் மரியதாஸ் அண்ணை. இந்த நாட்டில எனக்கு முதல் வேலை எடுத்துத் தந்தவர்" என்றான். அவன் மனைவி கும்பிட்டாள். மகள் அவன் கையைக் கோத்துக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்தேன். என் பிள்ளைகள் என்னோடு அப்படி நிற்பதில்லை. அந்தக் கணத்திலும் எனக்குப் பொறாமை வந்தது. நம்புவீர்களா?

யாரோ கூப்பிட, சீலன் அப்பால் போனான். மகள் டேனிஷில் கேட்டாள்: "நீங்கள் அந்த நாய்த் தடத்தில் அப்பாவோடு இருந்தவரா?"

ஓம் என்றேன்.

"நான் சின்ன வயதிலிருந்து ஒரு நாய் கேட்கிறேன். அப்பா விடவே மாட்டார். தன் கவனக்குறைவால் ஒரு நாய் செத்ததாம். தன்னை நம்பி இன்னொரு உயிரைத் தரக்கூடாதாம்." குரலைத் தாழ்த்தினாள். "அது உண்மையில் அப்பாவின் பிழைதானா?"

இந்த நாட்டில் பிறந்த பிள்ளை அவள். நேராகக் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். ஒரு சொல் போதும். தகப்பனுக்கும் மகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு சொல்.

"அது பழைய கதை, பிள்ளை" என்றேன். "அப்பாவை நோகப்பண்ணாதே."

அவள் தலையசைத்தாள். பந்தி போடுகிறார்கள் என்று யாரோ சத்தமிட்டார்கள். சீலன் தூரத்திலிருந்து எனக்குக் கை காட்டித் தன் பக்கத்தில் ஒரு கதிரையைப் பிடித்து வைத்தான்.

நான் போய் அதில் இருந்தேன். சாப்பிட்டேன்.