நான்கரை மணி வாசகர்கள்

எங்கள் தெருவில் பகலில் தறிச் சத்தம் கேட்காத வீடுகள் ஐந்து. அவற்றில் மாடி உள்ளவை இரண்டு. அந்த இரண்டில் ஒன்றில் கடிக்கிற நாய் இருக்கிறது. ஆகவே, வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிகளுக்கு வேலை பார்க்கும் மூன்று பிள்ளைகள் அமைதியான இடம் தேடிக் கிளம்பியபோது, கணக்குப்படி அவர்கள் என் வீட்டுக்குத்தான் வந்து சேர வேண்டும். வந்தார்கள்.

மூவர் வீட்டிலும் விசைத்தறி ஓடுகிறது. கணினியில் மீட்டிங் நடக்கும்போது மேலதிகாரி, "பக்கத்தில் ரயில் போகிறதா?" என்று கேட்பாராம். ரயிலென்றால் போய்விடும், தறி போகாதே. அதனால் என் மாடி அறையில் மூன்று மேசை, நான்கு நாற்காலி, ஒரு மின்விசிறி போட்டு அதை ஆபீஸ் என்றார்கள். நான்காவது நாற்காலி யாருக்கு என்று ஒரு வாரம் கவலைப்பட்டேன். சாப்பாட்டு டப்பாக்களுக்காம்.

ஒரு பையனுக்கு டெஸ்டிங் வேலை. அதாவது, மற்றவர்கள் செய்த மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பது. இன்னொருவன் வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில்களைச் சரிபார்க்கிறவன். மூன்றாவது, இருபத்தாறு வயதுப் பெண். பொருள் வாங்கிவிட்டுக் கோபப்படுகிறவர்களுக்கு நாள் முழுக்க மன்னிப்புக் கேட்டு மெயில் எழுதுகிறவள். வந்த அன்று டெஸ்டிங் பையன் என்னை அங்கிள் என்றான். பில் பையன் சார் என்றான். அவள் தாத்தா என்றாள். எனக்கு எழுபத்திரண்டு வயது. அவள் சொன்னதுதான் சரி. ஆனாலும் இரண்டு நாள் எனக்கு அவளைத்தான் பிடிக்கவில்லை.

நான் புள்ளியியல் துறையில் முப்பத்துமூன்று வருடம் இருந்தவன். இந்தத் தாலுகாவில் பெய்த மழையும் விளைந்த சோளமும் என் கையால் எழுதப்பட்டவை. ஒரு மில்லிமீட்டர் மழையைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. ஓய்வுபெற்ற பிறகு எண்ணுவதற்கு மழை தருவாரில்லை. வாசலில் கிடக்கும் செருப்பு, மோட்டார் ஓடுகிற நிமிடம், மாடிக்குப் போகிற தேநீர் என்று கைக்கு எட்டியதை எண்ணுகிறேன்.

பொங்கல் கழிந்து அந்தப் பெண் ஒரு வலைப்பூ தொடங்கினாள். சின்ன ஊரிலிருந்து வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு யோசனை சொல்வது. இன்டர்வியூவில் எப்படி உட்கார வேண்டும், மேலாளரிடம் எப்படி லீவு கேட்க வேண்டும், எப்போது வேறு கம்பெனிக்குத் தாவ வேண்டும், இப்படி. அவள் ஊருக்கு யோசனை சொல்ல, அதை எப்படிச் சொல்வது என்று மற்ற இருவரும் அவளுக்கு யோசனை சொன்னார்கள். சாப்பாட்டு நேரத்தில் இதெல்லாம் என் ஜன்னலுக்கு நேர் மேலே நடக்கும்.

"தலைப்புல நம்பர் இல்லன்னா எவனும் தொடமாட்டான். அதுவும் ஒத்தப்படையா இருக்கணும்" என்றான் டெஸ்டிங் பையன்.

"ஏன்லே ஒத்தப்படை?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க."

மறுநாள் 'சம்பள உயர்வு கேட்க 7 வழிகள்' என்று வந்தது. தலைப்பில் எண் இருக்கிறதே என்று ஆசையாகப் படித்தேன். படித்துவிட்டு மாடி ஏறினேன்.

"ஏழுன்னு போட்டிருக்கு. ஆறுதான் இருக்கு. மூணாவதும் அஞ்சாவதும் ஒண்ணு."

"யாரு தாத்தா எண்ணிப் பாக்கப் போறாங்க?"

"நான் எண்ணினேனே."

அவள் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தாள். நான் கதவை விட்டு நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஐந்தாவதை அழித்துவிட்டு, 'கேட்டுவிட்டு உடனே எழுந்து வந்துவிடாதே, பதில் வரும்வரை அங்கேயே நில்' என்று எழுதினாள். இப்போது ஏழு சரியாக வந்தது.

அன்று முதல் நான் அவளுடைய வாசகன். 'ஒரே நாற்காலியில் மூன்று வருடத்துக்கு மேல் உட்கார்ந்தால் துருப்பிடித்துவிடுவாய்' என்று ஒரு வாரம் எழுதியிருந்தாள். முப்பத்துமூன்று வருடத் துருவோடு அதைப் படித்து முடித்து, மனைவியிடம் காட்டினேன். "சரியாத்தான எழுதிருக்கு" என்று அவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

பக்கத்தின் அடியில் ஒரு எண் இருக்கும். எத்தனை முறை படிக்கப்பட்டது என்று காட்டுவது. எனக்கு நான்கு மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிடும். நான்கரைக்குத் தேநீர். ஒருநாள் அந்த நேரத்தில் பார்த்தபோது பதினொன்று என்று இருந்தது. பாவம், இவ்வளவு எழுதியும் பதினொன்றா என்று இருந்தது. திரையை விரலால் கீழே இழுத்துவிட்டால் பக்கம் புதிதாக வரும் என்று டெஸ்டிங் பையன் சொல்லித் தந்திருந்தான். இழுத்தேன். பன்னிரண்டு! இந்த இருட்டில் எவனோ ஒரு பிள்ளை எழுந்து உட்கார்ந்து படித்திருக்கிறான். இன்னொருவன் வந்திருப்பானா என்று மறுபடி இழுத்தேன். வந்திருந்தான்.

அதன் பிறகு அது பழக்கமாகிவிட்டது. காலையில் கொஞ்சம், சாப்பிட்டதும் கொஞ்சம், விளக்கணைக்கும் முன் கொஞ்சம். எப்போது இழுத்தாலும் ஒருவன் புதிதாக வந்திருந்தான். நான் வேலை பார்த்த காலத்தில் இவ்வளவு ஒழுங்காக ஏறுகிற எதையும் இந்தத் தாலுகாவில் கண்டதில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள் அவள் படியிறங்கி ஓடி வந்தாள்.

"தாத்தா, ஒரு அதிசயம் கேளுங்க. நம்ம பிளாக்க வெள்ளன நாலரைக்குத்தான் சனங்க நெறையப் படிக்கி. அதுவும் பூரா நம்ம ஏரியாவுலேருந்து!"

சர்க்கார் பரீட்சைக்குப் படிக்கிற பையன்களாக இருக்கும் என்றான் டெஸ்டிங் பையன். முதல் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் என்றான் பில் பையன். என் அனுபவத்தை வைத்து நானும் ஒன்று சொன்னேன்: பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை கொண்டுவருகிற வீட்டுப் பிள்ளைகளாக இருக்கலாம், ஏலம் தொடங்கும்வரை அவர்களுக்கு வேறு வேலை கிடையாது. மூவரும் அதை மிகவும் ரசித்தார்கள். அன்றிலிருந்து அவள் பதிவுகள் விடியற்காலை நான்கு மணிக்கு வெளியாயின. ஒவ்வொன்றும் 'ஊர் உறங்கும்போது விழித்திருக்கும் நண்பா' என்று தொடங்கியது. நல்ல பிள்ளைகள் நம் ஊரில் இருக்கிறார்கள் என்று நான் தேநீரை உறிஞ்சிக்கொண்டே நினைத்துக்கொள்வேன்.

சித்திரையில்தான் விஷயம் வேறு பக்கம் திரும்பியது. அவளுடைய அப்பா என்னைத் தேடி வந்தார். எட்டுத் தறி வைத்திருப்பவர். தறிச் சத்தத்தில் வாழ்ந்து வாழ்ந்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமும் அடுத்த தெருவுக்குக் கேட்கும்படிதான் பேசுவார்.

"அண்ணாச்சி, மாசம் பொறந்தா சம்பளம் வருது. அத விட்டுட்டு முழு நேரமும் எழுதப் போறாளாம். பேப்பர் போடப் போறாளாம்!"

பேப்பர் போடுவதென்றால் ராஜினாமா செய்வது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நீங்க என்ன சொன்னீக?"

"பத்தாயிரம் பேரு ஒம்பேச்சக் கேட்டா நானும் கேக்கேன்னு சொல்லிட்டேன். வராதுன்னு நெனச்சித்தான் சொன்னேன். நாலாயிரம் தாண்டிட்டுன்னு சொல்லுதா அண்ணாச்சி!"

அவர் போனதும் பார்த்தேன். நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. நிரந்தர வேலையை ஒரு பெண் விடப் போகிறாள், என் மாடியில் உட்கார்ந்து. உறக்கம் போய்விட்டது. இனி அந்த எண்ணைக் கண்காணிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். முன்பு ஆசையாக இழுத்தேன், இப்போது பயத்தில் இழுத்தேன். பயத்துக்கு இடைவெளி கிடையாது. பத்தாயிரத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று மணிக்கொரு தரம் பார்த்தேன். அது என் கண்முன்னே ஏறிக்கொண்டிருந்தது. வைகாசியில் ஆறாயிரம். ஆனியில் எட்டாயிரம். இந்தப் பூக்காரப் பிள்ளைகளுக்கு வேறு வேலையே இல்லையா என்று அவர்கள்மேல் எனக்கு வெறுப்பு வந்தது.

ஆடி பிறந்ததும், தபசுத் திருவிழாக் கூட்டம் ஊருக்குள் வருவதற்கு முன்னால் முடித்துவிடலாம் என்று, திருநெல்வேலியில் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று. பத்து நாள் போனைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். டாக்டர் சொன்னதை மட்டும் என் மனைவி அப்படியே கேட்பாள். போனை எடுத்து உளுந்து டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை மூவரும் ஆரஞ்சுப் பழத்தோடு என்னைப் பார்க்க வந்தார்கள். ஆறு பழம். கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தபோதே அவள் முகம் வாடியிருந்தது தெரிந்தது.

"தாத்தா, நம்ம வாசகர்க எல்லாரும் போயிட்டாங்க."

"எங்க போனாங்க?"

"தெரியலியே. வெள்ளன நாலரைக்கு ஒரு ஆளு இல்ல. பகல்ல ஒண்ணு ரெண்டுதான். ஒம்பதாயிரத்து எண்ணூத்திப் பன்னெண்டுல நிக்கி. நான் மெயில்கூட எழுதி வெச்சிட்டேன். பத்தாயிரம் தொட்டா அனுப்பணும், அம்புட்டுதான்."

"கேக் வேற சொல்லியாச்சு" என்றான் பில் பையன்.

எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. அதைக் கண்ணாடி மறைத்தது. அவர்கள் என் கட்டிலைச் சுற்றி நின்று காரணம் ஆராய்ந்தார்கள். தலைப்பு நீளமாகிவிட்டது என்றான் ஒருவன். படம் போட்டிருக்க வேண்டும் என்றான் மற்றவன். 'நண்பா' என்று எழுதியது பெண்பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லையோ என்று அவள் கலங்கினாள்.

"எப்பலேருந்து நின்னுச்சு?" என்று கேட்டேன். புள்ளிவிவரத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

"போன செவ்வாக்கெழமலேருந்து."

"செவ்வாக்கெழமலேருந்து நானும் பாக்கல. நான் பாத்தவரைக்கும் நல்லாத்தான ஏறிட்டிருந்துச்சு. இழுக்க இழுக்க ஒண்ணொண்ணா…"

டெஸ்டிங் பையன் உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சை அப்படியே வைத்தான்.

"அங்கிள், இழுக்க இழுக்கன்னா?"

செய்து காட்ட வேண்டியதாயிற்று. என் மனைவி போனை உளுந்துக்குள்ளிருந்து எடுத்து, முந்தானையில் துடைத்துத் தந்தாள். டாக்டர் மன்னிக்க வேண்டும், நான் ஒரே ஒரு முறை இழுத்தேன். ஒன்பதாயிரத்து எண்ணூற்றுப் பதிமூன்று.

எனக்கும் அப்போதுதான் புரிந்தது. பூக்காரப் பிள்ளைகள், பரீட்சைப் பிள்ளைகள், முதல் பஸ் பிள்ளைகள் அத்தனை பேரும் பனியன் போட்டுக்கொண்டு அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ சார் இழுப்பீக?" என்றான் பில் பையன்.

"எண்ணல" என்றேன்.

"செருப்ப எண்ணுவாரு, பல்லியக்கூட எண்ணுவாரு" என்றாள் என் மனைவி.

அந்தப் பெண் டெஸ்டிங் பையன் பக்கம் திரும்பினாள். "ஏலே, ஒலகத்துல உள்ள தப்பெல்லாம் கண்டுபிடிக்கியே, இதக் கண்டுபிடிச்சியா?"

"ஏறுதத எவன்ட்டி டெஸ்ட் பண்ணுவான்?" என்றான் அவன்.

பில் பையன் அங்கேயே உட்கார்ந்து, என் போனில் இழுத்ததை மொத்தத்திலிருந்து கழித்தான். மிச்சம் இருநூற்று ஐம்பத்தெட்டு. அவள் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் போனை எடுத்து, எழுதி வைத்திருந்த ராஜினாமா மெயிலைத் திறந்து, அனுப்பவும் இல்லாமல் அழிக்கவும் இல்லாமல் மூடிவிட்டாள்.

"ஊர் ஒறங்கும்போது முழிச்சிருக்குத நண்பான்னு இருவது பதிவு எழுதிருக்கேன். அது நீங்களா தாத்தா?"

"இருபத்திரண்டு" என்றேன்.

அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அது எந்தத் தண்ணீர் என்று கறுப்புக் கண்ணாடி வழியாகக் கணிக்க முடியவில்லை.

சொல்லிவைத்த கேக் மறுநாள் வந்துவிட்டது. மேலே 10,000 என்று வெள்ளைக் க்ரீமில் எழுதியிருந்தது. எனக்குச் சர்க்கரை வியாதி. ஒரு பூஜ்யம் மட்டும் கொடுத்தார்கள். அவளுடைய அப்பாவும் வந்து ஒரு பூஜ்யம் சாப்பிட்டார்.

"ஒத்த ஆளா ஒம்பதாயிரம் தடவ ஒம்பேச்சக் கேட்டுருக்காரு" என்று மகளிடம் சொன்னார். தெருவே கேட்டது. "அவரே வேற வேல தேடிப் போவலியே ஏட்டி!"

என் போன் கணக்கில் வராதபடி டெஸ்டிங் பையன் ஏதோ செய்து கொடுத்தான். அந்த வாரமே அவள், 'ஒரே ஒரு வாசகரை வைத்துக்கொண்டு வேலையை விடப் போனேன்: கற்றுக்கொண்ட 7 பாடங்கள்' என்று எழுதினாள். என் வயதையும் உளுந்து டப்பாவையும் போடலாமா என்று கேட்டுவிட்டுத்தான் போட்டாள். எண்ணிப் பார்த்தேன். ஏழும் தனித்தனியாக இருந்தன.

அந்த இருநூற்று ஐம்பத்தெட்டு அரை வருடத்தில் வந்தது. அதே வேகத்தில் போனால் பத்தாயிரம் எப்போது வரும் என்று கணக்குப் போட்டேன். அவளுக்கு நாற்பத்தைந்து வயது ஆகும்போது. எனக்கு நிம்மதியாக உறக்கம் வந்தது. மறுநாள் அவள் படியேறும்போது அதைச் சொன்னேன்.

"நாப்பத்தஞ்சா? அப்பம் இன்னைக்கு மீட்டிங்குக்குப் போயிருதேன் தாத்தா" என்று ஏறிப் போனாள்.

அது முதல் தினமும் காலையில் வாசலில் நின்று, "தாத்தா, எத்தன வயசுல பேப்பர் போடுவேன்?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள். நான் அந்தந்த வார வேகத்தை வைத்துச் சொல்லுவேன். இப்போது நான் இழுத்தால் எண் அசைவதில்லை. இழுத்துவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பேன். முதல் வாரம் ஒரு நாள், நான்கரை மணிக்கு, நான் தொடாமலே வைத்திருந்துவிட்டுப் பார்த்தபோது ஒன்று கூடியிருந்தது. யாரோ ஒரு ஆள். நிஜமான ஆள். மனைவியை எழுப்பிச் சொன்னேன். "அவனுக்கும் ஒறக்கம் இல்லயா?" என்று புரண்டு படுத்தாள்.

அந்த ஏழு பாடங்களை யார் யாருக்கெல்லாம் அனுப்பினார்களோ தெரியாது. கடையநல்லூரிலிருந்து துபாய்க்குப் போன ஒரு பிள்ளை, தன் வாப்பாவும் இப்படித்தான் இழுக்கிறார் என்று அடியில் எழுதியிருந்தது. அடுத்த வாரம் நாற்பத்தொன்று என்றேன். அதற்கடுத்து முப்பத்தெட்டு. போன வாரம் முப்பத்துமூன்று என்றபோது, அவள் ஒரு காலில் செருப்போடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

இன்று விடியற்காலை கணக்குப் போட்டேன். இருபத்தொன்பது வந்தது. நம்பாமல் இன்னொரு முறை போட்டேன். இருபத்தொன்பதுதான்.

ஒன்பது மணிக்கு வாசலில் அவள் குரல் கேட்டது.

"தாத்தா, இன்னைக்கு எத்தன?"

"முப்பது" என்றேன்.