ஏழு கட்டப் படிவமும் தானியேலின் தீவும்

ஜூன் 9, 2025, திங்கட்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். 8.25க்கு வண்டியை எடுத்தேன். கொக்கிரகுளம் பாலத்தில் வழக்கம்போல் வேகத்தைக் குறைத்து, ஆற்றில் எத்தனை படி தெரிகிறது என்று பார்த்துக்கொண்டேன். இதை நாட்குறிப்பில் தினமும் எழுதுகிறேன். யாரும் கேட்டதில்லை. 8.50க்கு பாளையங்கோட்டையில் எங்கள் மிஷன் அலுவலகத்தைத் திறந்தேன். ஃபேனைப் போட்டேன். வாராந்திர அறிக்கைகளைப் பதிவேட்டில் ஏற்ற ஆரம்பித்தேன்.

மிஷன் அலுவலகம் என்றால் என்ன நடக்கும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். ஊழியர்கள் காட்டிலும் மலையிலும் அலைவார்கள். நாங்கள் பாளையங்கோட்டையில் உட்கார்ந்து அவர்கள் அலைந்ததைக் கட்டத்தில் அடைப்போம். கட்டங்கள் ஏழு: பெயர், வாரம், சந்தித்த வீடுகள், ஜெபக்கூட்டங்கள், கொடுத்த கைப்பிரதிகள், ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்கள், ஞானஸ்நானம் பெற்றவர்கள். படிவத்தை வடிவமைத்தவன் நான். பரலோகத்தில்கூட இவ்வளவு நேரான கோடு இருக்காது என்று அந்த நாளில் எனக்கு ஒரு எண்ணம்.

கோழி

9.30க்குத் தலைவர் போன் செய்தார். ஜங்ஷனில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். எங்கள் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர்.

"ஏம்வே எட்வின், அந்தத் தீவுப் பையன் விசா புதுப்பிக்க லெட்டர் கேட்டிருக்கானே, அறிக்கையப் பாத்தீரா? பதினெட்டு மாசமா முட்டை முட்டையா போட்டிருக்கான். கோழிகூட நடுவுல ரெண்டு நாள் லீவு எடுக்கும்வே."

"ஆமா அண்ணாச்சி."

"திரும்பி வான்னு ஒரு லெட்டர் அடிச்சு வையும். சாயங்காலம் கமிட்டியில கையெழுத்துப் போட்டுருவோம்."

தீவுப் பையன் என்பது தானியேல். இருபத்தேழு வயது. கங்கைகொண்டான்காரன். அங்கே ஒரு கம்பெனியில் மெஷின் பராமரிப்பில் இருந்தவன், வேலையை விட்டுவிட்டு எங்களிடம் வந்தான். பப்புவா நியூகினியில், படகில் மட்டுமே போகக்கூடிய ஒரு தீவுக்கு அனுப்பினோம். பதிவேட்டைப் புரட்டினேன். சந்தித்த வீடுகள் 0, ஜெபக்கூட்டம் 0, கைப்பிரதி 0, ஆராதனை 11, ஞானஸ்நானம் 0. எல்லா வாரமும் அப்படியே. கையெழுத்து மட்டும் அழகு.

லெட்டரை அடித்தேன். கமிட்டி கூடும் முன்னரே கமிட்டியின் முடிவை அடித்து வைப்பது எங்கள் நிர்வாகத் திறமை. பெட்டியைக் கட்டச் சொல்லலாம் என்று 10.15க்கு அவனைக் கூப்பிட்டேன். அங்கே பிற்பகல் 2.45.

ஒரு வாரம்

"அண்ணாச்சி, சத்தமா பேசுங்க. பம்பு ஓடுது."

"ஏலே, என்னலே பம்பு? ஊழியத்துக்குப் போனியா, ஒர்க்‌ஷாப் வச்சிருக்கியா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் ஓடுது அண்ணாச்சி."

விஷயத்தைச் சொன்னேன். பம்பை நிறுத்திவிட்டுப் பேசினான்.

"வரச் சொன்னா வாரேன். ஆனா கிளினிக்குல தடுப்பூசி வைக்கிற ஃப்ரிட்ஜைப் பிரிச்சுப் போட்டிருக்கேன். மருந்தெல்லாம் ஐஸ் பெட்டியில கிடக்கு. அதைத் திரும்பப் பூட்டாம வர முடியாது."

"போன வாரம் என்னலே செஞ்ச? ஒழுங்காச் சொல்லு."

சொன்னான். திங்கள் முழுக்க ஒரு படகு எஞ்சின். செவ்வாய் ஏழு வீட்டில் சோலார் விளக்கு. புதன் கிளினிக். வியாழன் ஊர் இளவட்டங்களுக்கு ஸ்பானர் பிடிக்கப் பழக்கினான். வெள்ளி ஒரு பெரியவர் இறந்துபோனார். குழி வெட்டப் போனான், ராத்திரி அந்த வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள், இருந்தான். சனி ஆற்றில் துணி துவைத்தான். "நம்ம ஆறு மாதிரி இல்ல அண்ணாச்சி, முதலை கிடக்கு. ஒருத்தன் துவைக்கணும், ஒருத்தன் காவல் நிக்கணும்." ஞாயிறு ஆராதனை. பதினொரு பேர். அதில் நாலு பேர் போனுக்கு சார்ஜ் போட வந்தவர்கள்.

"அவங்க பாஷை இப்பதான் பாதி புரியுது. எதுக்குச் சிரிக்காங்கன்னு இத்தனை நாளா தெரியல. இப்ப தெரியுது, என்னைப் பாத்துத்தான் சிரிச்சிருக்காங்க."

"இதையெல்லாம் ஏன்லே எழுதல? ஏழு வீட்டுக்குப் போயிட்டு வீடு பூஜ்யம்னு எழுதியிருக்க?"

"நீங்கதான அண்ணாச்சி எழுதாதன்னீங்க."

கோப்பை எடுத்தேன். அவன் முதல் வாரம் மூன்று பக்கம் எழுதியிருந்தான். அதற்கு என் பதிலின் நகல், கார்பன் தாள் வைத்தது போலத் தெளிவாக இருந்தது: 'படிவத்தில் கேட்டதை மட்டும் நிரப்பவும். பழுது பார்க்கப் போன வீடுகள், சந்தித்த வீடுகளில் சேரா.' கீழே என் கையெழுத்து. கீழ்ப்படிதலுள்ள பையன். பதினெட்டு மாதமாகக் கீழ்ப்படிந்திருக்கிறான்.

கமிட்டி

மாலை நாலு மணி. திரும்பி வரச் சொல்லி அடித்த லெட்டரோடு அந்த நகலையும், அவனுடைய மூன்று பக்கத்தையும், அவன் கேட்ட விசா லெட்டரையும் அடித்து மேசையில் வைத்தேன். தலைவர் படித்தார். மூன்று பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"அப்பம் முட்டை போட்டது நீருதாம்வே."

"ஆமா அண்ணாச்சி."

"இதை எதுக்கு எங்கிட்ட காட்டுதீரு? கிழிச்சுப் போட்டிருந்தா எவனுக்குத் தெரியும்?"

நான் எதையும் கிழிப்பதில்லை. அதை நற்குணம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், வியாதி. அவரிடம், "அவன் வந்துட்டா அந்த ஃப்ரிட்ஜைப் பூட்ட அங்கன ஆள் கிடையாது, அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன்.

"ஜனங்க காணிக்கை போடுதது ஃப்ரிட்ஜுக்காவே?" என்றார். கடையில் குக்கர் வாங்க வந்தவர்போல அந்தத் தாள்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கடைசியில் விசா லெட்டரை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"ஒரு வருஷம். அதுக்கு மேல தேவ சித்தம், கமிட்டி சித்தம்."

இரண்டில் எதை மாற்றுவது கடினம் என்று கமிட்டியில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: நீங்கள் கேட்காத கேள்விக்கு யாரும் பதில் எழுத மாட்டார்கள். பதில் இல்லாத இடத்தில் பூஜ்யம் போடுவதற்கு முன், கேட்டோமா என்று பாருங்கள். நேரான கோடு போடத் தெரிந்தவர்கள் இரண்டு முறை பாருங்கள்.

ஜூன் 10, செவ்வாய்க்கிழமை. காலை 8.50. முதல் வேலையாகப் பதிவேட்டையும் சிவப்பு மை பேனாவையும் எடுத்தேன். தானியேலின் பக்கங்களில் 'சந்தித்த வீடுகள்' கட்டத்தில் இருந்த ஒவ்வொரு பூஜ்யத்தையும் அளவுகோல் வைத்து அடித்து, மேலே 'கேட்கவில்லை' என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டேன். மற்றக் கட்டங்களில் இருந்த பூஜ்யங்களைத் தொடவில்லை. அவை உண்மையிலேயே பூஜ்யம்தான்.