திண்டுக்கல்லில் பதினேழு நேயர்கள்

ராயப்பராஜ் சார் விஷயத்தில் நடந்த குளறுபடிக்குப் பாதிக் காரணம் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2008 ஜூன் மாதம். பேருந்து நிலையத்துக்கு எதிரே, பிரியாணிக் கடைக்கு மேல்மாடியில் ஆறு கம்ப்யூட்டர்களோடு பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். ரிசல்ட் பார்க்க வருகிறவர்களும் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்களும்தான் என் வாடிக்கையாளர்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு சனிக்கிழமை சரியாக நாலு மணிக்கு ராயப்பராஜ் சார் படியேறி வந்தார். பஸ் டைம்கீப்பராக முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். செம்பட்டி பஸ் ஒரு நிமிடம் தாமதமானாலும் டிரைவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மனைவி இறந்தபின் தனியாக இருந்தார்.

சட்டைப் பையிலிருந்து ஒரு பேப்பர் துண்டை எடுத்து நீட்டினார். "இத எனக்கு எறக்கித் தரணும்மா."

செய்தித்தாளில் வந்த குறிப்பு அது. 'பயப்படாமத் தொடுங்க: கம்ப்யூட்டர் பழகுகிறவர்களுக்கு வாரம் ஒரு பாட்காஸ்ட். பெங்களூரிலிருந்து வழங்குபவர் திண்டுக்கல் ஆல்வின்.'

ரேடியோ நிகழ்ச்சி மாதிரிதான், ஆனால் இறக்கி வைத்துக்கொண்டு நமக்குத் தோதான நேரத்தில் கேட்கலாம் என்று விளக்கினேன். ஒரு தடவை சந்தா சேர்ந்தால் போதும், புதிது வரும்போதெல்லாம் தானாக வந்துவிடும், அதுவும் இலவசம் என்றேன். இலவசச் சந்தா என்பதை அவர் கடைசிவரை நம்பவில்லை. சந்தா சேரும் பக்கத்தில் பெயரும் ஊரும் கேட்டது. உடனே திரையைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"நீ அங்கிட்டுப் போம்மா. நானே எழுதிக்கிறேன்."

பெரிய ராணுவ ரகசியம் பாருங்கள்! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. என்னமோ செய்யட்டும் என்று என் நாற்காலிக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அவர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, தட்டித் தடவி அவரே இறக்கி, தன்னுடைய சின்ன எம்பி3 பிளேயரில் ஏற்றிக்கொண்டு போவார்.

செப்டம்பரில் மின்வெட்டு கடுமையாக இருந்தது. ஒரு சனிக்கிழமை பாதிக்கு மேல் இறங்கியிருந்தபோது கரண்டு போனது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. சார் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏம்மா, செத்த நேரம் தாங்குமா? இன்னும் கொஞ்சந்தான் இருக்கு."

தாங்கவில்லை. ஆறு திரைகளும் அணைந்தன. மற்றவர்களெல்லாம் போய்விட, அவர் மட்டும் அந்தப் புழுக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

"அடுத்த வாரம் கேட்டா ஆகாதா சார்?" என்று சிரித்துவிட்டேன்.

"பேசுறது எம் மகன்மா," என்றார்.

என் சிரிப்பு அடங்கிவிட்டது. பிறகு அவரே நடந்ததைச் சொன்னார். நாலு வருடத்துக்கு முன்பு, அவர் அலைந்து திரிந்து வாங்கிக்கொடுத்த டிப்போ வேலையை உதறிவிட்டு ஆல்வின் பெங்களூர் போனான். வேற்று மத, வேற்று மொழிப் பெண்ணை மணமுடித்துக் கூட்டிவந்தான். சார் இருவரையும் வாசலோடு திருப்பி அனுப்பினார். "பஸ்ஸுகூட ஏறியிருக்க மாட்டான், அதுக்குள்ள நான் பண்ணது தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. பின்னால ஓடலாம்னு செருப்பப் போட்டேன். வீம்பு விடல," என்றார். மகனுடைய போன் நம்பர் அவரிடம் இல்லை. அந்தக் குரல் மட்டும்தான் இருந்தது.

பதினெட்டாவது வாரம் கேட்டுக்கொண்டிருந்தவர், முகமெல்லாம் வெளிறி என்னிடம் ஓடிவந்து இயர்போனை நீட்டினார். ஆல்வின் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

"திண்டுக்கல்லுல மட்டும் பதினேழு பேரு கேக்குறீங்க! மொக்கைச்சாமி, பொன்னழகு, சேக் பரீது, அப்துல் லத்தீப்... பேரப் பாத்தா எங்கப்பாவோட டிப்போவுல வேலை பாத்தவங்க மாதிரி இருக்கு. நவம்பர் ஒம்பது, ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு உங்க எல்லாரையும் பாக்க வாரேன்." பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜ் ஒன்றில் சின்ன ஹால் பிடித்திருப்பதாகவும் சொன்னான்.

"நல்ல விஷயந்தானே சார்?"

"அந்தப் பதினேழு பேரும் நாந்தாம்மா."

கேட்கக் கேட்கத்தான் எனக்கு விளங்கியது. யாரும் எதையும் ஏற்றிவைத்து வைரஸ் வரவிடக்கூடாது என்று, கம்ப்யூட்டரை அணைத்தால் எல்லாம் அழிந்துபோகிற மாதிரி ஒரு சாப்ட்வேரை நான்தான் போட்டு வைத்திருந்தேன். அவர் சேர்ந்த சந்தா என் கம்ப்யூட்டரிலிருந்து அன்றைக்கு ராத்திரியே போய்விடும்; ஆல்வினின் பட்டியலில் மட்டும் பெயர் நிற்கும். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் பெயர் கேட்கும். பழைய பெயரை எழுதினால், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்று திருப்பியடிக்கும். சொந்தப் பெயரை எழுதப் பயம். அதனால் டிப்போ ஆட்களின் பெயர்களை வாரம் ஒன்றாக எழுதியிருக்கிறார்.

"என்ட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்!"

"பஸ்ஸு ஒவ்வொரு டிரிப்புக்கும் புதுசா ஒரு ஷீட்டுப் போடுவோம்ல? அது மாதிரின்னு நெனச்சேன்."

உண்மையைச் சொல்லி ஒரு மெயில் போட்டுவிடலாம் என்றேன். பதறிப்போய் என் கையைப் பிடித்தார். "சொன்னா அவன் வரமாட்டாம்மா." என் கையை விட்டுவிட்டு, "வந்தா அம்புட்டு சேரும் காலியாக் கெடக்கும். ஊருக்குள்ள அவனுக்கு அவமானத்தத் தேடி வச்சுட்டேனே," என்றார்.

அந்த நாலு வாரத்தில் ஆளே பாதியாகிவிட்டார். நிஜப் பொன்னழகுவையும் மற்றவர்களையும் தேடிப் போய், சும்மா வந்து உட்காரச் சொல்லிக் கெஞ்சினார். ஒருவர் திருப்பூரில் மகள் வீட்டில் இருந்தார். ஒருவருக்கு முழங்கால் வலி. மற்றவர்கள் கம்ப்யூட்டர் என்றதும் கும்பிடு போட்டார்கள். கடைசியில் என்னிடம், "நீயாச்சும் வாம்மா," என்றார்.

ஹாலில் இருபது நாற்காலிகள் போட்டிருந்தன. வாசலில் பேனர், மேசையில் மைக். ஆல்வின் இஸ்திரி போட்ட சட்டையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். பத்தரை ஆகியும் சார் மாடிப்படியை விட்டு நகரவில்லை. நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

ஆல்வின் அப்படியே நின்றுவிட்டான். "நீங்க எதுக்கு இங்க வந்தீங்க? ஆளுங்க வர்ற நேரம். இங்க வச்சுச் சண்ட வேணாம்."

"யாரும் வரமாட்டாகப்பா."

அவன் முகம் சிவந்தது. "எல்லாம் உங்க டிப்போ ஆளுங்கதானே? போக வேணாம்னு சொல்லித் தடுத்துட்டீங்க, அப்படித்தானே? நாலு வருஷம் கழிச்சும் உங்களுக்கு ஆத்திரம் தீரலயா?"

எனக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறந்தேன். சார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாரையும் தடுக்கல. அந்தப் பதினேழு பேரும் நாந்தான்."

அவன் நம்பாமல் என்னைப் பார்த்தான். என் கம்ப்யூட்டர்களின் லட்சணத்தைச் சொன்னேன். பாதி சொல்லும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். ஆனாலும் விடவில்லை.

"எறக்கி வச்சிருப்பீங்க. கேட்டிருக்கவா போறீங்க?"

சார் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஒம்பதாவது வாரம் பாஸ்வேர்டு பத்திச் சொன்ன. அப்ப கதவுக்குப் பின்னால ஒரு பிள்ளை அழுதுச்சு. 'இருங்க, வந்துர்றேன்'னுட்டு எந்திரிச்சுப் போன. அத வெட்டாமயே போட்டுட்ட."

ஆல்வின் நாற்காலியை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"பத்து செகண்டு இருக்கும்ப்பா. தெனமும் அத மட்டும் போட்டுப் போட்டுக் கேக்குறேன். ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையான்னு தெரியல. அத மட்டும் சொல்லிரு, நான் போயிர்றேன்."

மைக்கை அணைக்கப் போன ஆல்வினின் கை பாதியிலேயே நின்றது. மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

"பொம்பளப் பிள்ள. கீழ ரூம்ல தூங்குறா," என்றான். "உக்காருங்கப்பா. தூக்கிட்டு வாரேன்."

சார் உட்காரவில்லை. கதவைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார்.