பீரோவில் வெளுத்த நீலம்

எங்க ஊட்டுக்காரரு உத்தமனுக்கு அம்பத்தூர்ல ஒரு கார்பெட் கம்பெனில வேலை. சாயம் ஏத்துன கார்பெட்ல ஒரு துண்ட வெட்டி மொட்டமாடி வெயில்ல போடணும். அதே கார்பெட்ல இன்னொரு துண்ட பீரோவுல பூட்டி வைக்கணும். மூணு மாசம் கழிச்சு ரெண்டையும் பக்கத்துல வச்சு, வெயில்ல சாயம் எவ்ளோ போச்சுன்னு எழுதணும். பன்னெண்டு வருஷமா இதே பொழப்பு.

தொண்ணூத்தி மூணுல ஒரு நாள் பீரோவத் தொறந்தா, பூட்டி வச்ச நீலத் துண்டும் வெளுத்துக் கெடந்துச்சாம். "சார், இதுமேல வெயிலே படல சார்"னு மேனேஜருகிட்ட அழாத கொறையா சொல்லியிருக்காரு. அவரு ஜன்னலுக்கு வெளிய பொகையக் காமிச்சு, "காத்துப்பா. நாம இன்னா பண்றது?"ன்னுட்டாராம்.

அடுத்த வாரமே பீரோவுல இருந்த துண்டு எல்லாத்தையும் ஏற்காட்டுக்கு அனுப்பிட்டாங்க. அங்க நல்ல காத்தாம். மூட்டை கட்டுனதே இவருதான்.

கம்பெனிக்குப் பின்னாடிதான் எங்க ஊடு. பெரிய பொண்ணு இருமாத நாளில்ல. எனக்குப் பத்திக்கினு வந்துச்சு.

"நம்மள எங்க அனுப்புவாங்கன்னு கேட்டியா?"

சட்டையக் கழட்டிக்கினே சொன்னாரு: "நாம இன்னா கார்பெட்டா, வனஜா?"