துபாயில் இருந்த பாதி

மும்பையில் சயானைத் தாண்டிச் செம்பூர் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். மாட்டுங்காவில் ஒரு வக்கீல் வீட்டு மாடிப்படியில் அரை மணி நேரத்துக்கு முன்தான் வேலை போயிருந்தது. துணிமணி தாராவிப் பட்டறையில் கிடந்தது. பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

அந்தத் தோல் பட்டறையில் மூன்று வருடம் இருந்தேன். அதற்கு முன் எங்கும் ஒரு வருடம் தாண்டியதில்லை. முதலாளி மேலப்பாளையத்துக்காரர். அவருடைய மெஷின் தோலைப் படம் எடுக்கும். படம் துபாயில் அவர் மச்சான் கடையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போகும். அது தழும்பையும் ஓட்டையையும் ஒதுக்கிக் கணக்குப் போட்டு அனுப்ப, எங்கே வெட்டுவது என்று தோல்மேல் வெளிச்சக் கோடு விழும். இதே ஏற்பாட்டுக்குக் காப்புரிமை வைத்திருந்த ஒரு கம்பெனி, மெஷினை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியது.

முதலாளி அசரவில்லை. எங்கள் சந்தில் ஓர் அறையில் பைக்குத் தோல் வெட்டுவார்கள், அடுத்ததில் தைப்பார்கள், எதிர் அறையில் ஜிப் வைப்பார்கள். யார் வந்து கேட்டாலும் "இங்க பை செய்யலியே" என்று எல்லோருமே உண்மை சொல்லலாம். துபாயையும் ஓர் எதிர் அறை என்றே அவர் நினைத்தார். மெஷினைப் பற்றிச் சொல்ல, அதை ஓட்டும் என்னையும் வக்கீலிடம் கூட்டிப் போனார்.

"மூளை துபாய்ல கெடக்கு, சார். இங்க உள்ளது வெறும் கேமராவும் லைட்டும். பாதி மெஷினுக்கு எவன் கேஸ் போடுவான்?" என்றார் முதலாளி.

வக்கீல் என்னிடம் திரும்பினார். "துபாய்ல அதை யார் ஒக்காந்து பாத்துக்கறா?"

நம்மையும் ஒருவர் கேட்கிறாரே என்று நிமிர்ந்தேன். "ஆருமில்ல, சார். நான் இங்க பட்டன அமுக்கலேன்னா அது தூங்கிக்கிட்டே கெடக்கும். கோடும் எம் மேசைலதான் விழும்."

"லே, வாய வச்சுக்கிட்டு சும்மா இருல," என்றார் முதலாளி.

வக்கீல் பேனாவை மூடினார். "பாய், கம்ப்யூட்டர் எங்க தூங்கினா என்ன? எழுப்பறது இங்க, பலன் கெடைக்கறதும் இங்க. அதனால மொத்தத்தையும் யூஸ் பண்றது தாராவிலதான்னு அவா வாதாடுவா. கோர்ட் ஒத்துக்கவும் சான்ஸ் இருக்கு. துபாய் காப்பாத்தும்னு நம்பாதேள்."

"அப்போ அமுக்குறதுக்கு இவன் இல்லேன்னா?"

"வேற யாராவது அமுக்குவா. மெஷினை நிறுத்துங்கோ, இல்லேன்னா லைசென்ஸ் வாங்குங்கோ. செம்பூர்ல ஒரு ஷெட்காரர் வாங்கிட்டார்."

முதலாளி காதில் விழுந்தது அவருடைய சொந்தக் கேள்வி மட்டும்தான். படியிறங்கும்போதே சொல்லிவிட்டார்: "பட்டனையும் துபாய்க்கே அனுப்பிருதேன். மச்சான் அமுக்குவான். நீ நாளைலேருந்து வராத."

கோடு எங்கே விழும் என்று கேட்க நினைத்தேன். ஏற்கெனவே ஓர் உண்மை சொல்லிவிட்டதால் விட்டுவிட்டேன்.

அன்றிரவு திலக் நகரில் தெரிந்தவர் ஒருவரின் அறையில் படுத்தேன். மறுநாள் காலை செம்பூர் ஷெட்டைத் தேடிப் போனேன். அதே மாதிரி மெஷின். பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட லைசென்ஸ் தொங்கியது.

"இத ஓட்டத் தெரியுமா?" என்றார் மேஸ்திரி.

"துபாய் மெஷின் ஓட்டியிருக்கேன்."

"துபாய் ரிட்டனா?"

"பாதி," என்றேன்.

பட்டனுக்கு முன்னால் உட்கார வைத்தார்.