வெற்றிலைக்கொடிக்குத் தண்ணீர்

இரும்புலியூர் வீட்டின் பின்சுவரிலும் அதையொட்டிய மாமரத்திலும் ஒரு வெற்றிலைக்கொடி படர்ந்திருந்தது. அடித்தண்டு முற்றிக் கட்டையாகியிருந்தது. கணுவுக்குக் கணு வேர்விட்டு ஒட்டியிருந்ததால், பிய்த்தால் சுண்ணாம்பும் சேர்ந்து வரும். சித்தி வைத்த கொடி. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஸ்கூட்டியை நிறுத்திய கையோடு கொடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் காபி குடிப்பாள்.

மாதவிலக்கு நாட்களில் பெண்கள் பக்கத்தில் போனால் வெற்றிலைக்கொடி பட்டுப்போகும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கெமிஸ்ட்ரி படித்த அம்மாகூட அதை மீறியதில்லை. எனக்குச் சொல்லப்பட்டதெல்லாம் சித்திக்கு உடம்பு சரியில்லை என்பதுதான். அந்த நாட்களில் பக்கெட் என் கைக்கு வரும். ஏழு வயதில் அதைவிடப் பெரிய உத்தியோகம் எனக்குக் கிடையாது.

ஒரு மாதம் என் முறை வரவே இல்லை. சித்தி தினமும் தானே ஊற்றினாள். விடிந்ததும் போய் இலைகளைத் தடவிப் பார்ப்பாள், ஸ்கூல் விட்டு வந்து மறுபடியும் பார்ப்பாள். ஓரிடத்தில் உட்கார மாட்டாள். எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன்.

"சித்தி, உனக்கு எப்போ உடம்பு சரியில்லாம போகும்?"

அம்மா என் தொடையில் கிள்ளினாள். சித்தப்பா தட்டைப் பார்த்துச் சிரித்தார். சித்திக்கும் அவருக்கும் கல்யாணமாகிப் பல வருடங்களாகக் குழந்தை இல்லை. வாய்விட்டுச் சொல்லப் பயந்துகொண்டு வீடே காத்திருந்தது. மறுநாள், சித்தி இனி பக்கெட் தூக்கக் கூடாது என்று, திருமுடிவாக்கத்தில் வேலை முடிந்து வரும் வழியில் சித்தப்பா ஒரு ரப்பர் குழாய் வாங்கி வந்தார். என் பிழைப்பில் மண் விழுந்தது. சித்தி மேல் எனக்குப் பயங்கரக் கோபம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சித்தி பின்கதவு வரைக்கும் வந்தாள். படி இறங்கவில்லை.

"நீ ஊத்துடி கண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "இன்னிக்கு நான்தான், இன்னிக்கு நான்தான்" என்று ஹாலுக்கும் கொல்லைக்குமாக ஓடினேன். அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். சித்தி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கக்கா. அவளாவது சந்தோஷமா இருக்கட்டும்."

நான் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். எனக்கு வேலை திரும்பக் கிடைத்ததில் இவர்களுக்கெல்லாம் என்ன வருத்தம் என்று அன்று கடைசிவரை விளங்கவில்லை.